வர இயலாமைக்கு வருந்துகிறேன்

மழைக்காலத்தில் நம் பம்பாய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் அடைத்துவிடுவார்களே, அது என்னோடு படித்த உங்களுக்கு மறந்திருக்காது. மேல்மாடிக் கூரை ஒழுகும். பத்தாம் வகுப்புப் பெரியவர்கள் கீழே இறங்கி வந்து ஏழாம் வகுப்பான எங்களுடைய பெஞ்சுகளைப் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் தரையில். ஈரச் சீருடை, நனைந்த செருப்பு, பக்கத்துத் தோல் கிடங்கிலிருந்து வரும் உப்பும் அழுகலும் கலந்த வாடை, இவ்வளவுக்கும் நடுவில் டீச்சர் பாடம் நடத்துவார். இப்போது அந்த இடத்தில் வேறு கட்டிடம் நிற்கிறது. வாடையும் போய்விட்டது. போகட்டும், அதை நினைத்து ஏங்குகிறவள் நானில்லை.

போன வாரம் எங்கள் செம்பூர்க் கட்டிடத்தில் கீழ்வீட்டுப் பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆண்ட்டி, ஃபார்மல் இன்விடேஷன், இன்ஃபார்மல் இன்விடேஷன், ரெண்டுக்கும் ரிப்ளை. நாளைக்கு சப்மிட் பண்ணணும்" என்றாள். தமிழ் வீட்டுப் பெண்தான். பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அழைப்பை இரண்டு பேருமாக எழுதினோம். வருகிறோம் என்கிற பதிலையும் எழுதினோம். வரவில்லை என்கிற பதிலுக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று முழுக்க என் அக்காதான் கண்ணுக்குள் நின்றாள். உங்களில் சிலருக்கு அவளைத் தெரியும். தினமும் கரும்பலகையில் தேதியும் வருகையும் எழுதுகிறவள், பெருவிரலில் எப்போதும் மைக்கறை இருக்கும். அவளுக்கு என்ன ஆனது என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீடு ஒரே அறை, கோலி என்போம்; அதற்கு மேலே ஏணி வைத்து ஏறும் மாலா என்கிற பரண். கீழே அம்மா சமைப்பாள், அப்பா படுப்பார். மாலாவில் நானும் அக்காவும். நிமிர்ந்து உட்கார்ந்தால் தகரத்தில் தலை இடிக்கும். அப்பா தோல்பைப் பட்டறையில் வெட்டு வேலை பார்த்தார். ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனாலேயே நன்றாக எழுதுகிற மகள் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமை நிஜமானது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

நம் சந்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அழைப்பிதழ் வாசகம் எழுதுவது அக்காதான். அச்சகத்து பாய் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். மாதிரிக் கார்டுகளை ஒரு தடித்த ஆல்பத்தில் ஒட்டி வைத்திருப்பார். பிள்ளையார் போட்டது, மயில் போட்டது, ஜரிகை ஓரம் வைத்தது, எல்லாவற்றிலும் மஞ்சளும் அச்சு மையும் கலந்த ஒரு மணம். கார்டைத் தேர்ந்தெடுத்ததும், "அந்தப் புள்ளகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, நான் அச்சுக் கோத்துத் தாரேன்" என்று ஆளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர்கள் வாசலில் உட்கார்ந்து பேர், ஊர், குலசாமி என்று சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாள். ஊர் விலாசம் ஒரு பக்கம், பம்பாய் விலாசம் ஒரு பக்கம். 'தங்கள் நல்வரவை எதிர்நோக்கும்' என்ற இடத்துக்கு வந்ததும் சண்டை தொடங்கும். பெரியப்பா பேர் முதலில் வரவேண்டுமா, தாய்மாமன் பேரா என்று குரல் உயரும். அக்கா பேனாவை மூடி வைத்துவிடுவாள். "நீங்க பேசி முடிங்க, நான் சோறு தின்னுட்டு வாரேன்" என்பாள். அவளுக்கு வாய் உண்டு. ஊரார் விஷயத்திலெல்லாம் உண்டு.

கார்டு அச்சாகிவிட்டால் மட்டும் அழைத்ததாகிவிடாது, உங்களுக்குத் தெரியாததா? தட்டில் குங்குமம் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து, கையில் கொடுத்து, "கண்டிப்பா வந்துரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள், மறுபடி வருவார்கள். தபாலில் அனுப்பினால் அனுப்பாததே மேல். அப்படி அழைக்க வந்தவருக்கு நம்மிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "வந்துருதோம்." வடாலாவில் டூட்டி இருந்தாலும், பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தாலும், அந்த வீட்டாரோடு உள்ளூரப் பகை இருந்தாலும், கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "வந்துருதோம்". பிறகு போகாமல் இருந்துகொள்ளலாம், அது வேறு. நல்ல காரியத்துக்கு அழைக்க வந்தவரிடம் வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது மட்டும் கூடாது. அது அபசகுனம்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளிடம்தான் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தினார். அவர் மாதுங்காவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஆபீஸ்காரக் குடும்பம். பருத்திப் புடவையின் கொசுவத்தைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நம் சந்து வழியே நடப்பார். முறையான அழைப்பு எப்படி, தோழிக்கு எழுதும் அழைப்பு எப்படி என்று பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போட்டார். அந்த மழை இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"இப்போ பதில். வரமுடியும்னா சந்தோஷமா வரேன்னு எழுதலாம், அது சுலபம். வரமுடியலைன்னா? சும்மா இருந்துடப்படாது. அதுக்கும் எழுதணும்."

பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், வரமாட்டோம்னு எழுதிக் குடுத்தா எங்க அப்பாவத் தேடி வந்து அடிப்பாவ."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டுச் சொன்னார். "வரலைன்னு சொல்றதுக்கும் ஒரு மரியாதை இருக்கு. முதல்ல நன்றி. அப்புறம் காரணம். அப்புறம் வருத்தம். கடைசியில வாழ்த்து. இதுல காரணம்தான் ரொம்ப முக்கியம். காரணம் சொல்லாம மறுத்தா அவா மனசு புண்படும். புரிஞ்சுதா?"

தரையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெஞ்சில் இருந்த அக்காவின் முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. மறுக்கவும் ஒரு முறை உண்டு, அதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள் என்பது அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது பசி. சாப்பாட்டு டப்பாவில் என்ன இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு சில வாரம் மாலாவில் எங்களுக்கு இதுதான் விளையாட்டு. அக்கா பழைய நோட்டுத் தாளில் எழுதி என் பக்கம் தள்ளுவாள்: 'நாளை அதிகாலை நம் சந்துக் குழாயடியில் நடைபெறவுள்ள தண்ணீர் பிடிக்கும் விழாவுக்குத் தாங்கள் குடத்துடன் வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறேன்.' நான் பதில் எழுதுவேன்: 'தங்கள் அன்பான அழைப்புக்கு நன்றி. என் முறை நேற்றே முடிந்துவிட்டதால் வர இயலாமைக்கு வருந்துகிறேன். விழா சிறக்க வாழ்த்துகள்.' இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அம்மா கீழேயிருந்து கரண்டியால் மாலாப் பலகையைத் தட்டுவாள். சில தாள்கள் இடுக்கு வழியாகக் கீழே விழும். அப்பா எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இவளுவளுக்கு வேற சோலி இல்ல" என்று அவரும் சிரிப்பார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஊரிலிருந்து வந்த புதிதில் எங்கள் கோலியில்தான், அப்பாவின் காலடியில் படுத்துக் கிடந்தார். அப்பாதான் ஆளைப் பிடித்து அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியில் சேர்த்துவிட்டார். கெட்டவரில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது எங்களுக்குச் சூடாக வடாபாவ் வாங்கி வருவார். அதிகம் பேசமாட்டார். ஆனால் ரோஷக்காரர், ஒரு சொல் பொறுக்கமாட்டார். அக்கா சின்னவளாக இருந்தபோது அவர் தோளில் உட்கார்ந்துதான் மாஹிம் சந்தனக்கூடு பார்த்தாள். அவளுக்கு அவர் மாமா, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தசரா முடிந்ததும் கல்யாணப் பேச்சைத் தொடங்கினார்கள். "அவ என் தம்பிக்குத்தான். பெறந்தப்பவே பேசினது" என்றாள் அம்மா. "சொந்தத்துக்குள்ள குடுத்தா ஒரு கவலையும் இல்ல. புள்ள நம்ம கண்ணு முன்னால கெடப்பா" என்றார் அப்பா. மாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். அக்காவைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியது வேறு. "உன் கல்யாணத்துக்கு வாசகத்த நீயே எழுதுட்டி. நம்ம ஊர்ல எவளாவது தன் கார்ட தானே எழுதியிருக்காளா?" என்று சந்தோஷம் தாங்காமல் சொன்னார்.

அக்கா எழுதினாள். மறுநாள் காலை அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்று அழைப்பிதழ் வாசகம், அதில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று அதற்கான பதில். அது எனக்கு இன்றும் மனப்பாடம்.

'பேரன்புடையீர், தங்கள் அன்பான அழைப்பு கிடைத்தது. மிக்க நன்றி. அதே நாள்களில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத வேண்டியிருப்பதால், இத்திருமணத்தில் மணமகளாகக் கலந்துகொள்ள இயலாத நிலையில் உள்ளேன். வர இயலாமைக்கு மிகவும் வருந்துகிறேன். விழா இனிதே நடைபெற என் வாழ்த்துகள்.'

அப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார். 'மணமகளாக' என்ற இடத்தில் நின்றார், மறுபடி வாசித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், டீ சட்டையில் சிந்தும் அளவுக்கு. "ஏ, இங்கன வா, உன் மவ என்ன எழுதியிருக்கான்னு கேளு." அம்மாவும் சிரித்தாள். அப்பா அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். டீக்கடையில் வாசித்துக் காட்டினார். அச்சகத்து பாய் கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்துல குடுத்த பாடமா இருக்கும். ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றாராம். சந்து முழுக்க இதே பேச்சு. குழாயடியில் அக்காவைப் பார்த்த பெண்கள், "என்ன மணமகளே, வருத்தம் தீந்துச்சா?" என்று கேலி செய்தார்கள்.

அக்கா மாலாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "நான் தமாசுக்கு எழுதலட்டி" என்றாள் என்னிடம். "டீச்சர் சொன்ன மாதிரிதான எழுதினேன். எதுல தப்பு?" பதில் எனக்கு இன்றைக்குத் தெரியும். அதில் ஒரு தப்பும் இல்லை.

சிரிக்காதவர் டீச்சர் ஒருவர்தான். அக்காவே சொன்னாளோ, வேறு யாரும் சொன்னார்களோ, ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா பதறிப்போய் ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அப்பா எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"உங்க பொண்ணுதான் வகுப்புல முதல். பரீட்சை சமயத்துல போய்க் கல்யாணம் வைக்கலாமா? நியாயமா இது?" என்றார் டீச்சர்.

"தப்புதான் டீச்சரம்மா. எங்களுக்கு என்ன தெரியும்? பரீச்ச என்னைக்குன்னு இவ சொல்லல."

"எழுதியே குடுத்திருக்காளே."

"வெளையாட்டுக்குன்னு நெனச்சிட்டேன். நீங்க இம்புட்டு தூரம் வந்து சொன்ன பொறவு மறுத்துப் பேசுவனா? பரீச்ச முடியட்டும். வைகாசியில வச்சுக்கிடுதோம்."

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவின் தலையைத் தடவி, "பார்த்தியா, முறையா எழுதினா பலன் உண்டு. காரணம் சரியா இருந்தா யாரும் தட்டமாட்டா" என்றார். அம்மா கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு மாதுங்கா பஸ்ஸில் ஏறியிருப்பார், பாவம்.

மாமாவைக் கட்டிக்கொள்ள மனமில்லை என்று எழுதினால் அம்மா மனசு புண்படும், மாமா மனசு புண்படும். அதனால் யாரையும் புண்படுத்தாத ஒரு காரணத்தை அக்கா தேடி எடுத்துக் கொடுத்தாள். பெரியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் காரணத்தை மட்டும் அழகாக அகற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு மறுக்க அவளிடம் என்ன இருந்தது? டீச்சர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வைகாசில என்ன காரணம் சொல்லட்டும்?" என்று என்னைக் கேட்டாள். பின்னாளில் எனக்கு வந்த சம்பந்தங்களை நான் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்ட அப்பாவிடமும் வேண்டாம் என்பதையே திருப்பிச் சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அக்கா பரீட்சை எழுதினாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, வாழைமரம், தெருவை அடைத்துப் பந்தல், எல்லாம் நம் சந்து வழக்கப்படிதான். வந்தவர்கள் கையிலெல்லாம் அக்கா எழுதிய கார்டு இருந்தது. அவள் பாஸானது தெரிய வந்தபோது அம்பர்நாத் போய்விட்டிருந்தாள். தமிழில் நல்ல மார்க். டீச்சர் என்னைக் கூப்பிட்டு மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்து, "அக்காகிட்ட பத்திரமா சேர்த்துடு" என்றார். அது கடைசிவரை எங்கள் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பெண்ணைப் பெற்றவர் நேரில் போய், மாப்பிள்ளையிடம் சொல்லி, முறைப்படி அழைக்க வேண்டும். அங்கேதான் எங்கள் வீட்டுச் சிக்கல் தொடங்கியது. அப்பாவுக்கு மனசு இறங்கவில்லை.

"அவனுக்கு நான் போயித் தட்டு நீட்டணுமா? என் காலடில கெடந்த பய. இது அவனுக்கு அந்நிய வீடா? அவனே கூட்டிட்டு வந்து விட்டா என்ன கொறஞ்சா போவும்?"

அம்பர்நாத்தில் மாமா சொன்னது ஆள் மூலமாக எங்கள் காதுக்கு வந்தது. "நேத்துவர நான் அவரு மச்சினன், சரி. இன்னைக்கு மருமவன். அசல்ல குடுத்திருந்தா வேட்டி உடுத்திக்கிட்டுப் போயி அழைச்சிருப்பாருல்லா? எனக்கு மட்டும் என்ன எளக்காரம்?"

இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. அசலில் கொடுத்திருந்தால் மாப்பிள்ளை மாப்பிள்ளையாக இருந்திருப்பார், மாமனார் மாமனாராக நடந்துகொண்டிருப்பார். சொந்தத்துக்குள் கொடுத்ததால் யார் யாரை முதலில் மதிப்பது என்பது தீராமலே கிடந்தது. அம்மா இரண்டு பக்கமும் கெஞ்சினாள். "காலிபீலி, ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இந்த ரோசம்? நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்று அப்பாவிடம் சொல்வாள். "நீ சின்னவன்தான, எறங்கி வந்தா என்ன?" என்று தம்பிக்கு ஆள் சொல்லி அனுப்புவாள். ஒருவரும் அசையவில்லை. ஆடி முடிந்துவிட்டது.

ஆவணியில் ஒரு பகல் அக்கா தனியாக வந்து வாசலில் நின்றாள். சயான் ஸ்டேஷனில் இறங்கி மழையில் நடந்தே வந்திருக்கிறாள். புடவை ஓரமெல்லாம் சேறு. முழுகாமல் இருந்தாள். அம்மா அவள் தலையைத் துவட்டிவிட்டுச் சோறு போட்டாள். அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புதான். இரண்டு வாய் தின்றுவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தாள்.

"அங்கன தண்ணி சரியில்லம்மா. குழாயத் தொறந்தா கலங்கலா வருது, நாத்தம் அடிக்குது. நான் கொஞ்ச நாள் இங்கனயே இருக்கேன்" என்றாள்.

அப்பா சாப்பாட்டுக்கு வந்தவர் அவளைப் பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார். ஆனால் முதலில் கேட்டது, "அவன்கிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"இல்லப்பா. டூட்டிக்குப் போயிருக்காவ."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "அழைக்காம நீ வந்து நின்னா அவன் என்ன சொல்லுவான்? அவிய அழைக்க வரவே இல்ல, பொண்ணு தானா ஓடிப்போயிட்டாம்பான். நமக்குத்தான் அசிங்கம். அவன் வீட்டுக்கு வாரதுக்குள்ள போயிரு. தீவாளிக்கு மொறையா வா."

"மொறையா யாரு வந்து கூப்பிடப் போறா?" என்று கேட்டாள் அக்கா. அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மா அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் வண்டி ஏற்றிவிட்டு வந்தாள். நான் கூடப் போனேன். பெண்கள் பெட்டியில் இடமில்லை, அக்கா கதவோரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்துக் கையசைக்க அவளுக்கு ஒரு கை மிச்சமில்லை.

புரட்டாசி கடைசியில் நானே அக்காவுக்குத் தலை தீபாவளி அழைப்பு எழுதினேன். நீல இன்லண்டு லெட்டர். தோழிக்கு எழுதும் முறையில் எழுதினேன், ஏனென்றால் எனக்கு அவள்தான் தோழி. மாமாவையும் கூட்டிக்கொண்டு வா, மாலாவில் உன் இடத்தில் நான் காலைக்கூட நீட்டுவதில்லை என்றெல்லாம் எழுதினேன். மாமா அதை வாசித்துவிட்டு, "சின்னப்புள்ளய விட்டு எழுத வச்சிருக்காவளாக்கும். பெரியவருக்கு என்ன, கால் இல்லையா?" என்றாராம். பல வருஷம் கழித்து அவரே என்னிடம் சொல்லி அழுதார்.

அக்காவின் பதில் வந்தது. 'உன் அன்பான அழைப்பு கிடைத்தது. மிக்க மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்' என்று முதல் வரி. அதற்குக் கீழே எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. 'சோறு இறங்கவில்லை. கண் மஞ்சளாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அப்பாவை வந்து கூப்பிடச் சொல்.' அந்த லெட்டரும் மார்க் ஷீட்டும் பின்னால் ஒரு பெரிய மழையில் டிரங்குப் பெட்டியோடு ஊறி ஒன்றாகக் கரைந்தன.

நான் உரக்க வாசித்துக் காட்டினேன். அம்மா அழுதாள். அப்பா லெட்டரை வாங்கி எழுத்துக் கூட்டி மறுபடி வாசித்தார். கடைசியில், "மஞ்சக்காமாலைன்னா கீழாநெல்லி குடுப்பாவ, சரியாயிரும். நான் ஞாயித்துக்கெழம போயி அழைச்சுட்டு வந்துருதேன்" என்றார்.

மனம் இறங்கிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் போவதாக இருந்தால் முறைப்படி போகவேண்டும். வேட்டி சட்டையை வெளுக்கப் போட்டார். அம்மா பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தாள். மாமாவுக்கு வேட்டி, அக்காவுக்குப் பச்சைப் புடவை, குங்குமம், வெற்றிலை, பழம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். மகளுக்கு உடம்பு சரியில்லை, ஓடிப்போய்ப் பார்ப்போம் என்று அந்த வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கள் கோலியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். அங்கே டாக்டர்கள் இருந்தார்கள், ஊசி மருந்து இருந்தது. லெட்டர் வந்த அன்றே போய் அவளைக் கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பார்த்திருக்கலாம். அதுகூட நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, வெள்ளிக்கிழமை காலையில், மாமாவின் ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா உள்ளே வரச் சொன்னாள். அவர் வரவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

அப்பா அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். லுங்கியும் பனியனுமாக அப்படியே ஓடினார். வெளுத்து மடித்த வேட்டி பெட்டிமேல் இருந்தது, தட்டு அலமாரியில் இருந்தது, ஒன்றையும் தொடவில்லை. நாங்கள் ஸ்டேஷனில்தான் அவரைப் பிடித்தோம். காலில் செருப்பு இல்லை. வண்டியில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், உட்காரவில்லை. அம்பர்நாத்தில் இறங்கியதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திகைத்து நின்றார். மகள் வாழ்ந்த வீடு எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. சேதி சொல்ல வந்தவர்தான் முன்னால் நடந்தார்.

மாமா வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் கண்டதும் எழுந்தார். "அத்தான்" என்றார்.

அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். "நீ கூப்பிடாமலே வந்துட்டேன் பாரு எய்யா" என்றார். "நானும் கூப்பிட வரல, நீயும் கூப்பிடல. வந்துட்டேம்லா."

சாவு விழுந்த வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வது வழக்கமில்லை. மாமாவும் சொல்லவில்லை. அப்பா தானாகவே உள்ளே போனார்.